போர்வைக்கு அடியில்

அன்புள்ள ஐயா,

வங்கி வேலையிலிருந்து போன வருடம் ஓய்வு பெற்றேன். நீங்கள் ஓர் உரையில் சொன்னதைக் கேட்டு டால்ஸ்டாயின் ‘அன்னா கரீனினா’ நாவலை நா. தர்மராஜன் மொழிபெயர்ப்பில் வாங்கி, மூன்று மாதத்தில் முடித்தேன். “இதுலேர்ந்து என்ன மாமா கத்துக்கிட்டீங்க?” என்றார் மருமகன். “தப்பான உறவு நாசத்தில்தான் முடியும்” என்றேன். “அதுக்கு இவ்வளவு பெரிய புத்தகமா?” என்று சிரித்துவிட்டார். எனக்கே கூச்சமாகிவிட்டது. இந்த மாதிரி நாவலிலிருந்து வாழ்க்கைக்கு என்னதான் எடுத்துக்கொள்வது?

அன்புடன்,
ஒரு வாசகர், கும்பகோணம்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சொன்ன நீதி அந்த நாவலுக்குள்ளேயே நிற்காது. முதல் பக்கத்தில் பிள்ளைகளின் பழைய ஆசிரியையோடு தொடர்பு வைத்து மனைவியிடம் மாட்டிக்கொள்கிற ஸ்டீவா, கடைசிவரை விருந்தும் வேடிக்கையுமாகச் சௌக்கியமாகவே இருக்கிறான். ரயில் முன் விழுவது, கணவனை விட்டுப் போன அவன் தங்கை அன்னா.

என்ன எடுத்துக்கொள்வது என்று பொதுவாகச் சொல்ல எனக்குத் தெரியாது. கல்யாணம் கேட்க வாயெடுத்தவர், காளான் வகைகளைப் பற்றிக் கேட்டுவிட்டுத் திரும்பிவிடும் கட்டம் ஒன்று அதில் வருகிறதே. என் நண்பர் ஒருவர் அதைப் பற்றி மட்டும் பேசவே மாட்டார். அவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

என் கதையைச் சொல்கிறேன். ஐந்தாம் பாகத்தில், நாவலின் இன்னொரு நாயகனான லெவினின் அண்ணன் நிகொலாய், காசநோய் முற்றி, ஓர் அழுக்கு விடுதியில் கிடக்கிறான். புது மனைவி கிட்டி நானும் வருவேன் என்கிறாள். அண்ணனோடு இருப்பவள் ஒரு காலத்தில் விபச்சார விடுதியில் இருந்தவள், அங்கே நீ எதற்கு என்று லெவின் சண்டை போட்டுவிட்டுத்தான் கூட்டிப்போகிறான். போனதும் அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போர்வைக்கு அடியில் அந்த உடம்பு எப்படிக் கிடக்கிறது என்று யோசிக்கக்கூட முடியவில்லை. சாக்குச் சொல்லி வெளியே போகிறான், தாங்காமல் திரும்பி வருகிறான். கிட்டியோ டாக்டருக்கும் மருந்துக்கடைக்கும் ஆள் அனுப்பி, அறையைப் பெருக்கவைத்து, நோயாளிக்குச் சட்டை மாற்றி, தலையணையைப் புரட்டிப் போடுகிறாள்.

இருபத்தைந்து வயதில் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். அப்போது எனக்கு அன்னாவும் அவள் காதலன் விரான்ஸ்கியும்தான் முக்கியம். அப்புறம் அப்பா ஏழு மாதம் படுக்கையில் கிடந்தார். நான் டாக்டர்களிடம் பேசுவேன், ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக அடுக்குவேன். அறைக்குள் பத்து நிமிஷம் ஆனதும் போன் வந்தமாதிரி திண்ணைக்கு எழுந்து போய்விடுவேன். புரட்டிப் படுக்கவைத்து, முதுகில் பவுடர் போட்டு, பெட்பேன் வைத்தது எல்லாம் அக்கா. அவளுக்கு மனசு கெட்டி, எனக்குப் பாசம் அதிகம், அதனால்தான் பார்க்க முடியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நிஜமாகவே நம்பினேன்.

அவர் போய் இரண்டு வருடம் கழித்து மறுபடி படித்தபோது, அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். டால்ஸ்டாய் லெவினைத் திட்டவில்லை. அவன் போவதையும் வருவதையும் எழுதுகிறார், அவ்வளவுதான். 239 அத்தியாயங்களில் நிகொலாய் சாகும் அத்தியாயத்துக்கு மட்டும்தான் தலைப்பு வைத்திருக்கிறார்: ‘மரணம்’. அவருடைய சொந்த அண்ணன் திமித்ரியும் 1856இல் காசநோயில்தான் இறந்தார். பார்க்கப் போன தம்பி அதிகம் தங்காமல் பீட்டர்ஸ்பர்க் திரும்பிவிட்டார். அந்த நாட்களில் தாம் எவ்வளவு மோசமாக இருந்தோம் என்று வயதான பிறகு அவரே எழுதியிருக்கிறார்.

சரி, நான் மாறிவிட்டேனா? போன வருடம் மாமனாருக்குப் பக்கவாதம். முதல் நாள் வழக்கம்போல பில் கவுன்டரில் நின்றுகொண்டேன். இரண்டாம் நாள் அக்காவுக்குப் போன் போட்டு, ஆள் படுத்திருக்கும்போதே விரிப்பை எப்படி மாற்றுவது என்று கேட்டேன். ஒருக்களித்துப் படுக்கவை, பழையதைப் பாதிவரை சுருட்டு, புதியதை அந்தப் பக்கமிருந்து விரித்துக்கொண்டு வா என்று சொல்லிக்கொண்டே வந்தவள், சட்டென்று நிறுத்தி, “இப்ப யாருக்குடா?” என்றாள்.