பேஸ் கிட்டார் வாசிப்பவரை யாரும் கவனிப்பதில்லை. லீட் கிட்டாருக்கு மாறிவிடலாமா?

மாறாதீர்கள் தம்பி. லீட் மேலே மெட்டை வாசிக்கும், பேஸ் அதன் அடியில் கீழ்ச் சுரங்களைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஊர் இசைக்குழு ஒன்றில் சேர்ந்து ஓராண்டு ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். பாடகருக்குக் கைதட்டல், உங்களுக்கு டிரம்ஸ் பக்கத்தில் இருட்டு மூலை. திருகோணமலையில் அதே மூலையில் 22 ஆண்டுகள் நின்றவன் நான்.

எங்கள் குழுவின் ஆண்டு விழாவுக்கு மண்டப வாசலில் பதாகை கட்டினார்கள். குழுப் படம் டிரம்ஸோடு வெட்டுப்பட்டிருந்தது. என் கிட்டாரின் தலைப்பகுதியும் கம்பி முறுக்கும் நான்கு ஆணிகளும் மட்டும் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்தன. தரம் 3 படித்த என் மகள், "அப்பா, நீங்கள் எங்கே?" என்று கேட்டாள். அந்த ஆணிகளைத் தொட்டுக் காட்டினேன். அன்றிரவு உறையில் போட்ட கிட்டாரை ஐந்து மாதம் எடுக்கவில்லை.

எடுக்க வைத்தவர் அமெரிக்க ஜாஸ் பேஸ் கலைஞர் ரொன் கார்ட்டர். கனடாவிலிருந்து வந்த மைத்துனர் என் கைபேசியில் அவருடைய இசையை ஏற்றிவிட்டிருந்தார். கொழும்பிலிருந்து இரவு ரயிலில் திரும்பும்போது ஹெட்போனில் கேட்டேன். கந்தளாய் வரும்வரை தூங்கவில்லை. ஒரு சுரத்தை மீட்டி, அது தேயும்வரை விட்டுவைத்து, அடுத்த சுரத்துக்கு விரலை வழுக்கிக்கொண்டே போகிறார். பியானோ எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை அந்தக் கீழ்ச் சுரம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

அவர் 1937இல் மிச்சிகனில் பிறந்தவர். பத்து வயதில் வயலின் இனத்தைச் சேர்ந்த செலோ பழகத் தொடங்கினார். செலோ வாய்ப்புகள் வெள்ளைக்கார மாணவர்களுக்கே போனதால், பள்ளிக்கூடத்திலேயே டபுள் பேஸுக்கு மாறினார். நம் பேஸ் கிட்டாருக்கு மூத்த, நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய வாத்தியம் அது. 1959இல் ஈஸ்ட்மன் இசைக் கல்லூரியில் பட்டம் பெற்ற பிறகும் நிறவெறி அவரை விடவில்லை. சிம்பொனி இசைக்குழுக்களில் இடமில்லை. ஜாஸுக்கு வந்தார். 1963 முதல் 1968 வரை டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழு. பிரேசிலின் இசையமைப்பாளர் ஜோபிமுக்கும் வாசித்தார், பாடகி ரொபெர்ட்டா ஃபிளாக்குக்கும் வாசித்தார், 1991இல் ஒரு ராப் குழுவுக்கும் வாசித்தார். ஜெர்மன் இசைமேதை பாக்கின் இசையைத் தனியே பேஸில் பதிவு செய்தார். மற்றவர்களோடு சேர்ந்து இயற்றிய இசைக்கு கிராமி விருதும் பெற்றார். 2015இல் கின்னஸ் கணக்கெடுத்தபோது அவர் வாசித்த ஒலிப்பதிவுகள் 2,221. யாரும் கவனிக்காத வாத்தியம் என்றால் இத்தனை பேர் ஏன் அவரைத் தேடிப் போனார்கள்?

'நமக்கு எதற்கு ஜாஸ், இளையராஜா போதாதா' என்று சிலர் கீழே எழுதுவீர்கள். அவருடைய பாடல்களின் பேஸைப் படித்துத்தான் நானும் விரல் பழகினேன். ஆனால் அந்தப் பாடல்களில் பேஸ் வாசித்தவரின் பெயரைக் கேட்டால் உங்களில் எத்தனை பேர் சொல்வீர்கள்? நாதஸ்வரத்துக்கு விடாமல் ஒரே சுருதியில் ஒத்து ஊதுபவரின் பெயரைக் கோயில் நோட்டீசில் பார்த்திருக்கிறீர்களா? ஒத்து ஓய்ந்துவிட்டால் நாதஸ்வரம் எதன்மேல் நிற்கும்? லீட் வாசிப்பவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. என் நெருங்கிய நண்பரே லீட்தான்.

சொல்ல வந்ததோடு இதையும் சொல்லிவிடுகிறேன். கல்யாண வீடுகளில் இரவு பதினொரு மணிவரை வாசித்த கலைஞர்களைக் கடைசிப் பந்தியில் உட்கார வைக்கிறார்கள். சோறு ஆறியிருக்கும், கறிச் சட்டியில் குழம்பு மட்டும் இருக்கும். வீடியோ எடுப்பவருக்கு முதல் பந்தி. இந்த வழக்கம் மாற வேண்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் நல்ல ஹெட்போன் ஒன்று வாங்குங்கள். பேஸின் தடித்த கம்பியைச் சும்மா மீட்டினால் வருவது ஏறத்தாழ 41 ஹேர்ட்ஸ், அதாவது நொடிக்கு 41 அதிர்வு. கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில் அந்த அடிநாதம் வெளியே வராது. பிறகு 1965இல் வந்த மைல்ஸ் டேவிஸ் குழுவின் 'ஈ.எஸ்.பி.' இசைத்தட்டில் 'எய்ட்டி-ஒன்' கேளுங்கள். மைல்ஸும் ரொன் கார்ட்டரும் சேர்ந்து இயற்றியது. பேஸ் போகும் வழியை மட்டும் வாயால் பாட வரும்வரை கேளுங்கள். பாட வந்த பிறகும் லீட்தான் வேண்டும் என்று தோன்றினால் மாறிக்கொள்ளுங்கள், நான் தடுக்கமாட்டேன்.