போனில் பாட்டு வைத்தால் என் இஎல்34 வால்வ் ஆம்ப்ளிஃபயரில் சத்தம் ஏன் ஏறவே மாட்டேன் என்கிறது?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன். ஒரு சேனலுக்கு 12ஏயூ7-இல் ஒரு பாதி டிரைவர் (அவுட்புட் வால்வுக்கு முன்னால் சிக்னலைப் பெருக்குவது), டிரையோடாக, அதாவது ஸ்கிரீனைப் பிளேட்டோடு சேர்த்துக் கட்டிய ஒரு இஎல்34 அவுட்புட். சப்ளை 375 வோல்ட், டிரைவருக்கு 300. டிரைவர் பிளேட்டில் 47 கே (கிலோஓம்), கத்தோடில் 1.5 கே மட்டும், இஎல்34 கிரிட்டில் 220 கே. வால்யூமை முழுக்கத் திறந்தாலும் சத்தம் சன்னம்தான். இங்கே மைக்செட் பழுது பார்க்கும் அண்ணன் இஎல்34-ஐ மாற்றச் சொல்கிறார். மாற்றவா?

பதில்: மாற்ற வேண்டாம். முழு வால்யூமிலும் பாட்டு உடையாமல், ஆனால் சன்னமாக வந்தால் கெயின், அதாவது சிக்னலைப் பெருக்கும் மடங்கு, போதவில்லை. பாதி வால்யூமிலேயே கரகரத்தால்தான் பவர் போதவில்லை, அல்லது வால்வ் சோர்ந்துவிட்டது. உங்களுடையது முதல் ரகம்.

இஎல்34-ஐ டிரையோடாகக் கட்டி 375 வோல்ட், 370 ஓம் கத்தோடு ரெசிஸ்டர், 70 மில்லிஆம்பியரில் ஓட்டினால் கத்தோடில் 26 வோல்ட் நிற்கும். கிரிட்டுக்கும் அதே அளவு, அதாவது உச்சத்தில் 26 வோல்ட் சிக்னல் போனால்தான் 6 வாட் முழுதாக வரும். போன் தருவது அரை வோல்ட் என்று வைத்துக்கொண்டால் உச்சம் 0.7. ஆக டிரைவர் 37 மடங்கு பெருக்க வேண்டும்.

உங்கள் டிரைவர் பெருக்குவது எவ்வளவு? 12ஏயூ7-இன் மியூ, அதாவது அந்த வால்வ் அதிகபட்சம் பெருக்கக்கூடிய மடங்கு, 17. 47 கே பிளேட் லோடோடு அடுத்த கிரிட்டின் 220 கே பக்கவாட்டில் சேர்வதால் சிக்னல் பார்க்கும் லோடு 38.7 கே. உங்கள் கரண்டில் வால்வின் பிளேட் ரெசிஸ்டன்ஸ் சுமார் 10 கே. கத்தோடில் கண்டன்சர் இல்லாததால் 1.5 கே-யை 18-ஆல், அதாவது மியூ கூட்டல் ஒன்றால், பெருக்கி அதையும் சேர்க்க வேண்டும்: 27 கே. இனி 17 × 38.7 ÷ 75.7 = 8.7. இஎல்34 கிரிட்டுக்குப் போவது வெறும் 6 வோல்ட். ஸ்பீக்கரில் வருவது மூன்றில் ஒரு பங்கு வாட். அண்ணன் சொல்கிறபடி புது இஎல்34 போட்டாலும் இதே மூன்றில் ஒரு பங்கு வாட்தான்.

கத்தோடு 1.5 கே-க்குப் பக்கவாட்டில் 47 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கண்டன்சர், பிளஸ் கத்தோடு பக்கம். கெயின் 13.5 ஆகும். 4.7 போட்டால் 35 ஹெர்ட்ஸுக்கே பேஸ் இறங்கத் தொடங்கும். 47-இல் அது 3.5 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும். ஆனாலும் 13.5 போதாது. பிளேட் லோடை எவ்வளவு ஏற்றினாலும், எஸ்ஆர்பிபி (இரண்டு பாதிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் முறை) கட்டினாலும், 12ஏயூ7-இல் 17-ஐத் தாண்ட முடியாது. மியூவே அதுதான்.

ஆகவே 12ஏடி7. அதே ஒன்பது பின் சாக்கெட், அதே ஹீட்டர் இணைப்பு, மியூ 60. பிளேட்டில் அதே 47 கே இருக்கட்டும். கத்தோடு ரெசிஸ்டரை மட்டும் 680 ஓம் ஆக்குங்கள், 47 மைக்ரோஃபாரட் கட்டாயம். பிளேட்டில் 160 வோல்ட்டை ஒட்டியும், கத்தோடில் 2 வோல்ட்டுக்குச் சற்றுக் கீழேயும் வந்தால் சரி. பிளேட் 120-க்குக் கீழே இறங்கினால் கத்தோடு ரெசிஸ்டரை 820 அல்லது 1 கே ஆக்கிப் பாருங்கள். கெயின் 35 முதல் 40 வரை வரும். உங்கள் கணக்குக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி.

போன் அரை வோல்ட்டும் தராவிட்டால், அல்லது கேட்பது சன்னமாகப் பதிந்த பழைய பாட்டுகள் என்றால் 12ஏஎக்ஸ்7-க்குப் போகலாம்: பிளேட் 100 கே, கத்தோடு 1.5 கே, கெயின் சுமார் 55. எடுத்த எடுப்பில் இதை நான் சொல்லாததற்குக் காரணம் உண்டு. அதன் அவுட்புட் இம்பீடன்ஸ் 40 கே-யைத் தொடும். டிரையோடாகக் கட்டிய இஎல்34 கிரிட்டில் வயரிங்கும் சேர்ந்து 100 பிகோஃபாரட் இருந்தால் 20 கிலோஹெர்ட்ஸில் 1 டெசிபெல் குறையும். அதைவிடப் பெரிய திருடன் வால்யூம் கன்ட்ரோல். பழைய ரேடியோவில் கழற்றிய 500 கே போட்டிருந்தால், இந்த வால்வின் மில்லர் கெபாசிட்டன்ஸோடு (பெருக்கத்தால் பல மடங்காகத் தெரியும் உள் கெபாசிட்டன்ஸ்) சேர்ந்து நடு நிலையில் 13 கிலோஹெர்ட்ஸிலேயே ட்ரெபிள் சாயும். 100 கே லாக் வால்யூம் கன்ட்ரோல் போடுங்கள். இன்னொன்று: இரண்டு சேனலும் சேர்ந்து 2.4 மில்லிஆம்பியர்தான் இழுக்கும் என்பதால் 300 வோல்ட் தானாக 350-ஐ நெருங்கும். 375-ஐ 300 ஆக இறக்கும் டிராப்பர் ரெசிஸ்டரை 33 கே ஆக்குங்கள். அங்கே நிற்கும் ஃபில்டர் கண்டன்சர் 450 வோல்ட் ரகமாக இருக்கட்டும்.

12ஏயூ7-இன் இரண்டு பாதிகளையும் ஒரே சேனலில் அடுத்தடுத்துக் கட்டினால், கத்தோடு கண்டன்சர் இல்லாமலே கெயின் 70-ஐத் தாண்டும். மிஞ்சுவதை ஃபீட்பேக்கில் (அவுட்புட்டில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே கொடுப்பது) செலவழிக்கலாம். ஃபீட்பேக் கொடுத்ததும் ஊளையிட்டால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரி முனைகளை மாற்றிப் போடுங்கள்.

அளக்கும் விதம்: போனில் டோன் ஜெனரேட்டர் ஆப், 200 ஹெர்ட்ஸ். விலை குறைந்த மஞ்சள் மீட்டர்களில் ஏசிக்கு 200, 750 என்று இரண்டே ரேஞ்ச். அதில் அரை வோல்ட் தெரியாது, டிசி கலந்தால் பொய்யும் காட்டும். 2 வோல்ட், 20 வோல்ட் ஏசி ரேஞ்ச் உள்ள மீட்டர் வேண்டும். பிளேட்டில் அல்ல, டிரைவரையும் இஎல்34-ஐயும் இணைக்கும் கப்ளிங் கண்டன்சரைத் தாண்டி இஎல்34 கிரிட்டில் வையுங்கள்: மீட்டரில் 18 முதல் 19 வோல்ட் வந்தால் முழு பவர். அதே இடத்தில் சிக்னல் இல்லாமல் டிசி பாருங்கள். அரை வோல்ட் பிளஸ் தெரிந்தால் கப்ளிங் கண்டன்சர் கசிகிறது. பழைய ரேடியோவின் பேப்பர் கண்டன்சர் என்றால் யோசிக்காமல் தூக்கிப்போட்டு 0.1 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் பாலிப்ரொப்பிலீன் போடுங்கள். ஈயம் வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கி, 10 கே 5 வாட் ரெசிஸ்டரால் ஃபில்டர் கண்டன்சரை இறக்கி, மீட்டரில் 5 வோல்ட்டுக்குக் கீழே பார்த்த பிறகே கை வையுங்கள்.

அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் அந்த அண்ணனிடம் வாங்கிய பழைய மைக்செட் சரக்கா? அது இரண்டு வால்வ் புஷ்புல்லுக்குச் சுற்றியது; இடைவெளி விடாத கோர். ஒற்றை வால்வின் 70 மில்லிஆம்பியர் டிசியில் அது திணறும், பேஸ் செத்துவிடும், கெயினை ஏற்றி அதைச் சரிசெய்ய முடியாது. கோர் இடைவெளி விட்ட, 3 கே பிரைமரி உள்ளது வேண்டும். வேலந்தாவளம் தாண்டினால் கோவையில் மோட்டார் வைண்டிங் கடைகள் ஏராளம்தான். ஆனால் பிரைமரியையும் செகண்டரியையும் அடுக்கடுக்காக மாற்றிச் சுற்றத் தெரிந்தவரா என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.