திருகோணமலையில் ஓட்ட ஒரு சின்னக் கார்: விற்கும் நாளையும் யோசித்து எதை வாங்கலாம்?

திருகோணமலையில் ஓட்ட நம்பகமான, விற்கும்போதும் விலை போகும் சின்னக் கார் எது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தன் நிலைமையைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார். வேலை திருகோணமலை நகரத்துக்குள், பிள்ளைகள் இருவர், வருடத்தில் சில தடவை கொழும்புப் பயணம். நாலைந்து வருடத்தில் காரை மாற்றும்போது கையைக் கடிக்கக் கூடாது என்பது அவருடைய கவலை.

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். காசு எட்டினால் ஆயிரம் சி.சி. டொயோட்டா விட்ஸ், மொடல் இலக்கம் கே.எஸ்.பி. 130. ஓட்டம் பெரும்பாலும் நகரத்துக்குள்தான் என்றால் சுசுகி வாகன் ஆர். கை இறுக்கமென்றால் சுசுகி அல்டோ. இதில் புதுமை ஒன்றும் இல்லை. ஊரில் எந்தக் கராஜில் கேட்டாலும் இந்த மூன்று பெயரும் வரும். அப்படி வருவதுதான் இவற்றை வாங்குவதற்கு முதல் காரணம்.

ஏனென்று சொல்கிறேன். உங்கள் காரை நாளைக்கு வாங்கப் போகிறவர் உவர்மலையில் இருப்பார், இல்லாவிட்டால் கிண்ணியா, மூதூர், கந்தளாய்ப் பக்கமிருந்து வருவார். தனியாக வரமாட்டார். தனக்குப் பழக்கமான பாஸ் (மெக்கானிக்) ஒருவரைக் கூட்டிக்கொண்டுதான் வருவார். அந்த பாஸ் பொனட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுக்கு இங்க சாமான் எடுக்கேலாது" என்று ஒரு வார்த்தை சொன்னால் பேரம் அங்கேயே படுத்துவிடும். விட்ஸுக்கோ அல்டோவுக்கோ அந்தப் பேச்சே எழாது. ஊர்க் கடையில் இல்லாத சாமானுக்குக் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கு ஒரு போன் எடுத்தால் இரவு பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள், விடிய பஸ் நிலையத்தில் போய் எடுத்துக்கொள்ளலாம். நம்பகம் என்று நாங்கள் சொல்வதில் பாதி இந்த வசதிதான்.

எஞ்சின் அளவும் முக்கியம். இலங்கையில் இறக்குமதி வரி சி.சி.யைப் பார்த்து ஏறுகிறது. ஆயிரத்தைத் தாண்டினால் வரிப் படியும் மாறும், விலையும் மாறும். விட்ஸின் எஞ்சின் 996 சி.சி., வாகன் ஆர் 658 சி.சி. இரண்டும் கீழ்ப்படியில் நிற்பதால் வாங்க எப்போதும் ஆள் உண்டு. 2022இல் கியூ.ஆர். கோட்டோடு பெற்றோல் செட் வரிசையில் நின்றவர்களுக்குச் சின்ன எஞ்சினின் அருமையை நான் சொல்லத் தேவையில்லை.

விட்ஸுக்கு இன்னொரு பலம் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு மறுபடி கதவைத் திறந்தது 2025 பெப்ரவரியில். இதற்கிடையில் டொயோட்டா ஜப்பானில் விட்ஸ் என்ற பெயரையே 2020 தொடக்கத்தில் கைவிட்டு யாரிஸ் என்று மாற்றிவிட்டது. ரிக்கண்டிஷன் கார் இறக்க வயது எல்லையும் இருப்பதால், கே.எஸ்.பி. 130 இனிக் கப்பலில் வரப்போவதில்லை. நாட்டுக்குள் இருப்பவைதான் கைமாறிக் கைமாறி ஓடுகின்றன. எஞ்சினும் எளிமையானது: மூன்று சிலிண்டர், டைமிங் பெல்ட்டுக்குப் பதிலாகச் செயின். ஒயிலை நேரத்துக்கு மாற்றினால் நீண்ட காலம் தொல்லை தராது. வாங்கும்போது கியரைத்தான் நிதானமாகப் பாருங்கள். படிப்படியாக மாறாமல் தானாகவே சீராக மாறும் சி.வி.டி. கியர் என்பதால் ஏற்றத்தில் உதறுகிறதா, வேகம் எடுக்கும்போது ஊளையிடுகிறதா என்று கவனிக்க வேண்டும். ரேடியோவையும் ஏ.சி.யையும் நிறுத்திவிட்டு ஓட்டிப் பாருங்கள், அப்போதுதான் காதில் விழும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தடை இருந்த காலத்தில் வாங்கின விலையைவிடக் கூடுதலாக விற்ற கதைகள் ஊரெல்லாம் உண்டு. அவை உண்மைதான், ஆனால் அது தடையால் வந்த விலை. இறக்குமதி திறந்திருக்கும்போது அதே கணக்கைப் போடாதீர்கள். நல்ல கார் என்றாலும் விலை இறங்கத்தான் செய்யும். மற்றதைவிட மெதுவாக இறங்குகிறதா என்பதுதான் எங்கள் கேள்வி.

வாகன் ஆர் பற்றி: உயரமான உடம்பு, கதவு அகலம், வயதானவர்களுக்கு ஏறி இறங்கச் சுகம். 2017இலிருந்து வந்த எம்.எச். 55 மொடலில் ஹைபிரிட் என்று பெயர் போட்டிருந்தாலும், சிறிய மோட்டார் எஞ்சினுக்குக் கைகொடுக்கும் அளவுதான். அதனால் பெரிய ஹைபிரிட் பற்றரியின் செலவுப் பயம் இதில் இல்லை. ஆனால் நாலு பெரியவர்கள், பயணப் பைகள், ஏ.சி. எல்லாம் சேர்த்து ஹபரணை வழியாகக் கொழும்புக்குப் போகும்போது லொறியை முந்த யோசிக்க வேண்டும். கிட்டத்தட்ட 260 கிலோமீற்றர் பாதை. அடிக்கடி போகிறவர் என்றால் விட்ஸ்தான் சரி. (எந்தக் காரானாலும் கந்தளாய், ஹபரணை இடையே பொழுதுபட்ட பிறகு வேகத்தைக் குறையுங்கள், யானை நடமாட்டம் உள்ள இடம்.)

அல்டோ எளிமையான கார். செலவு குறைவு, விற்பதும் சுலபம். பாதுகாப்பு வசதிகள் ஆண்டுக்கு ஆண்டு வேறுபடும், எயார் பேக் இருக்கிறதா என்று கேட்டே வாங்குங்கள்.

ஹைபிரிட் கேட்கிறவர்களுக்கு: டொயோட்டா அக்வா நல்ல கார், பெற்றோல் மிச்சம். முதல் தலைமுறை அக்வாவில் பற்றரி பின் சீட்டுக்குக் கீழே இருக்கிறது, அதைக் குளிர்த்தும் காற்று காருக்குள்ளே இருந்துதான் போகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் கண்ணாடியைப் பூட்டி வெயிலில் நிறுத்திவிட்டு எடுத்தால் அந்தப் பற்றரி படும் பாட்டை யோசித்துப் பாருங்கள். காற்று இழுக்கும் வழியில் மணலும் தூசியும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், பற்றரியை ஸ்கேன் செய்யாமல் வாங்காதீர்கள். ஹொண்டா ஃபிட் ஜி.பி. 5 ஓட்ட அருமை. ஆனால் அதன் இரட்டைக் கிளச் கியரமைப்புக்காக ஜப்பானிலேயே 2013, 2014இல் பலமுறை திரும்ப அழைத்துத் திருத்தினார்கள். அந்தப் பெயர் இன்னும் அதை விடவில்லை, விற்கும்போது விலையில் தெரியும். பழைய நிசான் லீஃபில் பற்றரியைக் குளிர்த்தத் தனி ஏற்பாடே கிடையாது. எங்கள் வெக்கைக்கு அதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

இனி நான் மிக முக்கியமாக நினைக்கும் விஷயம், துரு. திருகோணமலையில் ஒரு காரின் விலையைத் தின்பது ஓடின தூரத்தைவிட உப்புக் காற்றுத்தான். என் மச்சான் உப்புவெளிப் பக்கம் கராஜ் வைத்திருக்கிறார். ஒரு நாள் வாகன் ஆர் ஒன்றைப் பார்க்க அங்கே கொண்டுவந்தார்கள். மேலே பெயின்ட் கண்ணாடி மாதிரி மினுங்கியது. தூக்கிப் பார்த்தால் அடியில் புதிதாகக் கறுப்புப் பூச்சு. மச்சான் ஸ்குரூ டிரைவரின் பிடியால் கதவுக்குக் கீழே ஓடும் தகட்டைத் தட்டிக்கொண்டே வந்தார். கணீரென்று வந்த சத்தம் பின்சில்லுக்குக் கிட்டப் போனதும் மந்தமாகிவிட்டது. நுனியை வைத்து லேசாக அழுத்தினார். பூச்சோடு சேர்ந்து தகடும் உள்ளே போனது. வாங்க வந்தவர் காரை இறக்கச் சொல்லிவிட்டுப் புறப்பட்டுவிட்டார்.

ஆகவே தூக்கிப் பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள். கதவடித் தகடு, பின் அச்சு, பிரேக் குழாய்கள், சைலன்சர் இணைப்புகள், சஸ்பென்ஷன் பூட்டும் இடங்கள். ஸ்பேர் ரயரைத் தூக்கி அந்தக் குழிக்குள்ளும் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். புதிதாக அடித்த கறுப்புப் பூச்சைக் கண்டால் சந்தோஷப்பட வேண்டாம், ஏன் அடித்தார்கள் என்று கேளுங்கள். துரு எல்லாம் எங்கள் கடலில் பிடித்தது என்றும் இல்லை. ஜப்பானில் பனி கொட்டும் பகுதிகளில் வீதிக்கு உப்புப் போடுவார்கள், அங்கே ஓடின கார் துருவோடுதான் கப்பல் ஏறும். ஓக்ஷன் ஷீட்டில், அதாவது ஜப்பானில் ஏலத்தில் விடும்போது காரின் நிலையை எழுதும் தாளில், காரின் படத்தில் எஸ் என்ற எழுத்து இருந்தால் துரு, சி இருந்தால் அரிப்பு. டபிள்யூ என்றால் டிங்கர் வேலை நடந்த இடம். மீற்றர் திருப்பியிருக்கிறார்களா என்பதும் அந்தத் தாளில் உள்ள தூரத்தோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் பிடிபடும்.

வெள்ளத்தில் நின்ற கார்களையும் கவனியுங்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் நாடு முழுவதும் எத்தனையோ வாகனங்களைத் தண்ணீரில் விட்டுப் போனது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள், அடியில் சேற்றுக் கோடு தெரியும். முன் விரிப்பைத் தூக்கி மணந்து பாருங்கள். சீட் பூட்டின ஆணிகளில் துரு இருந்தால் விட்டுவிடுங்கள், விலை எவ்வளவு குறைவானாலும் சரி.

பத்திரங்கள்: மூலச் சி.ஆர். (வாகனப் பதிவுச் சான்றிதழ்) கையில் பார்க்க வேண்டும். அதிலுள்ள சேஸி இலக்கத்தைக் காரோடு ஒப்பிட வேண்டும். மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் வாகன இலக்கத்தை அடித்தால் லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் நிற்கிறதா என்று தெரிந்துவிடும். முன்னைய உரிமையாளரின் கையெழுத்தோடு பெயர் மாற்றாமல் கைமாறும் ஓப்பன் பேப்பர் வாகனத்தை மலிவென்று எடுக்காதீர்கள். நீங்கள் விற்கும்போது அந்தப் பழைய உரிமையாளரைத் தேடி அலைவது நீங்கள்தான். வாகன வருமான அனுமதிப்பத்திரம் (ரெவனியூ லைசன்ஸ்) வருடா வருடம் புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

லீசிங் எடுப்பதென்றால் வட்டியையும் மறுவிற்பனைக் கணக்கில் சேருங்கள். பாதிக்கு மேல் லீசிங் என்றால் விட்ஸை விட்டு அல்டோவுக்கு இறங்குவது நல்லது என்பது என் எண்ணம். நிறத்தில் வெள்ளையோ வெள்ளியோ எடுங்கள், சீக்கிரம் போகும், வெயிலுக்கும் இதம்.

வாங்கின பிறகு செய்ய வேண்டியது கொஞ்சம்தான். நிலாவெளிக் கடற்கரைக்குப் போய்வந்தால் வீட்டுக்கு வந்ததும் அடிப்பக்கத்துக்கு நல்ல தண்ணீர் அடியுங்கள், மேலே கழுவாவிட்டாலும் பரவாயில்லை. சேர்விஸ் பில்களை ஒரு ஃபைலில் போட்டு டாஷ்போர்டுக்குள் வையுங்கள். நாலைந்து வருடத்துக்குப் பிறகு வாங்க வருபவரோடு வரும் பாஸ், பொனட்டுக்கு அடுத்தபடியாக அதைத்தான் கேட்பார்.