புது இன நெல்லுக்காக நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறேன். மட்டக்களப்பில் எங்கள் 5 ஏக்கர் வயலை அண்ணா செய்கிறார். புதிய இனத்துக்கு மாறினால் விளைச்சல் கூடும், 3 இலட்சம் வேண்டும் என்கிறார். நகையை அடகு வைத்துக் கொடுக்கலாமா?

பதில்: விதைக்கு அவ்வளவு பணம் தேவையில்லை. வீசி விதைத்தால் ஏக்கருக்கு 2 புசல் (ஒரு புசல் சுமார் 21 கிலோ). 5 ஏக்கருக்குச் சுமார் 210 கிலோ. சான்றளித்த விதை நெல் கிலோ 200 ரூபா என்று போட்டாலும் 42,000தான். மீதிப் பணம் எதற்கென்று அண்ணாவிடம் கேளுங்கள்.

நல்ல விதையின் பலனில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதிக விளைச்சல் தரும் புதிய நெல் இனமான எச்-4 இலங்கையில் வந்தது 1958இல். அந்தக் காலத்தில் ஹெக்டேயருக்கு ஒன்றரைத் தொன் அளவில் இருந்த நாட்டின் சராசரி இன்று நான்கு தொன்னைத் தாண்டி நிற்கிறது. ஆனால் நீரும் உரமும் சேர்ந்துதான் அதைத் தந்தன. 2021இல் இரசாயன உரம் நின்றதும் அதே இனங்களின் விளைச்சல் விழுந்ததே.

கூடுதல் வருமானம் நிலைத்து நிற்காது என்பதையும் பாருங்கள். அயல் வயல்களும் அதே இனத்துக்கு மாறினால் அறுவடை நேரத்தில் நெல் குவிந்து விலை இறங்கும். வீட்டு நெல்லையே திரும்பத் திரும்ப விதைத்தால் வெட்டு மெஷினில் ஒட்டி வரும் பிற நெல்லும் களை நெல்லும் கலந்துவிடும். மூன்று போகத்துக்கு ஒருமுறை விதை மாற்றுவது செலவுக் கணக்கில் இருக்கட்டும். விதைக்கு முன் 100 மணியை ஈரச் சாக்கில் முளைகட்டிப் பாருங்கள். 85க்குக் குறைந்தால் வேண்டாம்.

இந்தப் பெரும்போகத்தில் 1 ஏக்கரில் மட்டும் போட்டு, பழைய இனத்துக்கு இட்ட அதே உரத்தை இட்டு, தனியாக நிறுத்துப் பாருங்கள். வாவியோரம் உவர் ஏறும் துண்டென்றால் உவரைத் தாங்கும் ஏ.டி. 354 என்ற நெல் இனம் பொருந்தும். கீரிச்சம்பா, அதாவது பி.ஜி. 360, விலை கூடியது, விளைச்சல் குறைவு. வாங்குகிறவரிடம் முதலே பேச வேண்டும்.

உண்மையில் காசு கசிவது களத்தில். 20 சதவீத ஈரத்தில் 100 கிலோ நெல், 14க்குக் காய்ந்தால் 93 கிலோ. காய்ந்த நெல் 100 ரூபா, ஈரநெல் 80 ரூபா என்று வைத்தால், காயவைத்தால் கிலோவுக்கு 13 ரூபா கூட. ஏக்கருக்கு 2,000 கிலோ என்று வைத்தால் 26,000; கூலி போக மிஞ்சுவது உங்களுக்கு. புது இனம் ஏக்கருக்கு 10 புசல் கூடத் தந்தாலும் சுமார் 21,000தான், அதிலும் உரச்செலவு போகும். ஆகவே படங்குக்கும் சாக்குக்கும் முதலில் பணம் கொடுங்கள்.

அடகு வைத்தே ஆகவேண்டுமென்றால், மீட்கும் தவணை அறுவடைக்குச் சில மாதம் பிந்தி விழட்டும். பங்குனியில் விழுந்தால், நகையை மீட்கவே நெல்லை மலிவு விலைக்குத் தள்ள வேண்டி வரும்.