ஆட்டோவில் போட்டால் அது ஆட்டமா?

அண்ணே, ஃபைனல் ஃபேன்டஸி 12 வீடியோ கேம் ஆரம்பித்து ஒரு வாரம் ஆகிறது. கேம்பிட் (நம் ஆட்களுக்கு முன்கூட்டியே எழுதி வைக்கிற உத்தரவு) எல்லாம் செட் பண்ணிவிட்டால் சண்டை தன்னால் நடக்கிறது. நான் நடக்க மட்டும்தான் செய்கிறேன். "இதுக்கு யூடியூப்லயே பாத்துட்டுப் போயிரலாமே" என்று ரூம்மேட் கேலி செய்கிறான். என்ன பதில் சொல்ல?
— கல்லூரி மாணவர், மேலூர்

ரூம்மேட்டைக் கூட்டிக்கொண்டு ராத்திரி ஒன்பது மணிக்கு ஏதாவது ஒரு புரோட்டாக் கடைக்குப் போங்கள். கல்லாவில் இருக்கிறவரைக் காட்டி, "இவர் சும்மாதானே உட்கார்ந்திருக்கார்?" என்று கேளுங்கள். அடி விழாமல் திரும்பினால் மேலே படியுங்கள்.

கீழவாசல் பக்கம் என் சித்தப்பாவுக்குக் கடை இருந்தது. காலேஜ் முடிந்து சாயங்காலம் நான்தான் கல்லா. புதிதாக வந்த சப்ளையர் பையனுக்குச் சித்தப்பா சொன்னது மூன்றே விஷயம்: ஆள் உட்கார்ந்தா இலை, இலை போட்டா தண்ணி, இலையில சால்னா வத்துனா ஊத்து. அன்றைக்கே ஒருவர் சாப்பிட்டு முடித்து இலையை மடித்து வைத்திருக்கிறார். பையன் பார்த்தான். மடித்த இலையில் சால்னா தெரியவில்லை. ஊற்றிவிட்டான். மடிப்பின் மேல் வழிந்து முழுக்க அவர் வேட்டியில். சித்தப்பா பையனைத் திட்டவில்லை. "நான் சொன்னதைத்தான செஞ்சான்" என்று சொல்லிவிட்டு, எல்லாவற்றுக்கும் முதலில் ஒரு வரி சேர்த்தார்: "இலைய மடிச்சுட்டா கிட்டயே போகாத."

கேம்பிட் என்பது அவ்வளவுதான். ஒவ்வொரு ஆளுக்கும் 12 வரி வரைக்கும் எழுதலாம். யாரிடம், என்ன நிலைமையில், என்ன செய்யணும். மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வந்து, முதலில் எது பொருந்துகிறதோ அதைச் செய்துவிடும். அதனால் வரிகளை விட வரிசைதான் முக்கியம். "எதிரி ஹெச்பி (உயிர் அளவு) 100 சதவீதம் இருந்தா திருடு" என்பதை மேலேயும் "அடி" என்பதைக் கீழேயும் போட்டால், பார்த்தவுடன் ஜேப்படி, பிறகு அடிதடி. மாற்றிப் போட்டால் ஆயுசுக்கும் திருட மாட்டான். செத்துப் பேயான எதிரிகளுக்கு வைத்தியம் செய்தால் அவர்களுக்கு வலிக்கும் என்று கண்டுபிடித்து, அதற்கு ஒரு வரி எழுதிய அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

இதை வடிவமைத்தவர் ஹிரோயுகி இட்டோ. 1991-ல் இதே தொடரின் நான்காம் பாகத்தில், நாம் யோசிக்கிற நேரத்திலும் கடிகாரம் ஓடுகிற சண்டை முறையைக் கொண்டுவந்தவரும் அவரேதான். அங்கே விரலை விரட்டியவர், 2006-ல் இங்கே விரலுக்கு ஓய்வு கொடுத்து மண்டைக்கு வேலை வைத்தார். இதில் யாஸ்மாட் என்று ஒரு டிராகன் வரும். முதலில் வந்த பதிப்பில் அதன் ஹெச்பி 5 கோடிக்கு மேல். அத்தனையையும் ஒவ்வொரு அடியாகக் கையால் அழுத்துகிறவனை வீரன் என்று நான் சொல்ல மாட்டேன்.

நீங்கள் கையால் கொடுக்கிற கட்டளைக்கு எப்போதுமே முதல் மரியாதை, கேம்பிட் அதற்கு அப்புறம்தான். கூட்டம் எகிறும்போது கல்லாவை விட்டு எழுந்து போகிற உரிமை உங்களுக்கு இருக்கிறது. ஒரு வாரமாக எழுந்து போகவே தேவைப்படவில்லை என்றால், இன்னும் லேசான இடத்தில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். ஹீல் (வைத்தியம்) வரியை மூன்று பேருக்கும் மேலே போட்டு வைத்திருந்தால் ஒருத்தரைத் தவிர மற்ற இருவருக்கும் கீழே இறக்குங்கள். இல்லையென்றால் ஒரே டேபிளுக்கு மூணு பேரும் தண்ணி கொண்டு ஓடுவார்கள், அடிக்க ஆள் இருக்காது.

தம்பி, என் மகன் போனில் ஏதோ சண்டை கேமை 'ஆட்டோ' போட்டுவிட்டுச் சாப்பிட வருகிறான். திரும்பிப் போய் "ஜெயிச்சுட்டேன்" என்கிறான். யார் ஜெயித்தது?
— குடும்பத்தலைவி, திருமங்கலம்

போன்தான் ஜெயித்தது அக்கா. மேலூர்த் தம்பிக்குச் சொன்னது இதற்குச் செல்லாது. அங்கே உத்தரவை எழுதியது அவர். உங்கள் மகன் கேமில், பெரும்பாலும் ஒரே ஒரு பட்டன்தான். எப்போது யாரை அடிக்கணும் என்பதையெல்லாம் கம்பெனிக்காரனே எழுதி வைத்துவிட்டான். தினமும் அதே சண்டையைப் பத்துத் தடவை போடச் சொல்லி வேலையைக் கொடுப்பதும் அந்த கேம்தான், அதைச் செய்ய ஆளைக் கொடுப்பதும் அதேதான். பையன் புத்திசாலி, அந்த நேரத்தில் சாப்பிடவாவது செய்கிறான். நீங்கள் கவனிக்க வேண்டியது ஆட்டோவை அல்ல, உங்கள் யுபிஐ கணக்கை. அப்புறம், சார்ஜில் போட்டபடி ஓடவிட்டு மெத்தையில் வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், போன் கொதிக்கும்.

கூட இருக்கிறவர்கள் நம் பேச்சையே கேட்காத ஆர்பிஜி (கதாபாத்திரமாக மாறி ஆடுகிற கேம்) உண்டா?
— வாசகர், உசிலம்பட்டி

உண்டு, அதுவும் பேர்போனது. 1990-ல் வந்த டிராகன் குவெஸ்ட் 4. கடைசி அத்தியாயத்தில் நாயகனுக்கு மட்டும்தான் நேரடிக் கட்டளை. மற்றவர்களுக்கு "எல்லாரும் ஜாக்கிரதை" என்கிற மாதிரிப் பொதுவாக ஏதாவது சொல்லலாம், அவ்வளவே. அதில் வருகிற பூசாரி, பலிக்கவே பலிக்காத பாஸ்கள் (பெரிய எதிரிகள்) மேலும் மரண மந்திரத்தையே போட்டுக்கொண்டிருப்பார். பக்கத்தில் ஒருத்தன் உயிருக்கு இழுத்துக்கொண்டிருப்பான். ஜப்பானில் இன்றைக்கும் அது கேலிப்பேச்சு. 2006-ல் பெர்சோனா 3-யும் இதே வழியில் போனது. பிறகு கையடக்கப் பதிப்பில் எல்லாரையும் நம் கையிலேயே கொடுத்துவிட்டார்கள்.

கூட்டாளி என்றால் சொந்த புத்தி இருக்கத்தான் வேண்டும் என்று அந்தப் பழைய முறைக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. சித்தப்பா கடைப் பையனாவது ஒரு தடவைதான் ஊற்றினான்.

பால்டர்ஸ் கேட் என்கிற ஆர்பிஜியில் எதை ஆடலாம், முதல் பாகமா, மூன்றாம் பாகமா?
— வாசகி, மதுரை

2023-ல் வந்த மூன்றாம் பாகம். நாலு பேர், முறை வைத்து ஆட்டம், உங்கள் முறை வந்தால் நிதானமாக யோசிக்கலாம். 1998-ல் வந்த முதல் பாகத்தில் ஆறு பேர், எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். ஸ்பேஸ்பாரைத் தட்டினால் நிற்கும், உத்தரவு கொடுத்துவிட்டு மறுபடி தட்டணும். நான் சிம்மக்கல்லில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தபோது ஒருவர் ஞாயிறு தவறாமல் வந்து அதைத்தான் ஆடுவார். மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் எல்லா எழுத்தும் அழுக்கேறிக் கிடக்க, ஸ்பேஸ்பார் மட்டும் பளபளவென்று மின்னும். நிறுத்திவிட்டுக் கன்னத்தில் கை வைத்துப் பத்து நிமிஷம் யோசிப்பார். கேம் நிற்கும், மணிக்கு இருபது ரூபாய் நிற்காது. கடைசிவரைக்கும் அதைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.