மூத்த ஊழியரிடம் குறையை எப்படிச் சொல்வது?

வணக்கம். டர்பனில் உங்கள் மசாலாக் கடையில் அப்பா காலத்து ஊழியர் எடையில் அடிக்கடி தவறுகிறார், சொல்லவும் தயக்கம், நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு வார்த்தை சொல்லாமல் நிறுத்துவது நியாயமே இல்லை. தென்னாப்பிரிக்கத் தொழிலாளர் சட்டப்படியும், வேலைத்திறன் போதாதென்று நீக்கும் முன் வழிகாட்டலும் திருந்த அவகாசமும் கொடுத்திருக்க வேண்டும்.

வாரம் ஒருமுறை, கடை திறக்கும் முன், தனியாக உட்காருங்கள். முதலில் அவர் பேசட்டும். தராசின் எண் கண்ணுக்குச் சரியாகத் தெரியாமல்கூட இருக்கலாம். அப்புறம் சுற்றி வளைக்காமல், "மாமா, வெள்ளிக்கிழமை கட்டின மிளகாய்த்தூள் பொட்டலத்தில் 50 கிராம் குறைந்தது" என்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள். "எப்பவுமே இப்படித்தான்" என்ற பேச்சு வேண்டவே வேண்டாம், மனசு உடைந்துவிடும். பேசியதைத் தேதியோடு எழுதி அவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். அடுத்த வாரம் எடை சரியாக இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.