நோட்டுப் புத்தகத்தோடு கூட்டத்துக்குப் போங்கள்

கேள்வி: சமவெளியைச் சேர்ந்த நான், கலந்தாய்வு மூலம் கோத்தகிரி வட்டாரத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பயிற்சிக்கு அழைக்கும்போதெல்லாம் போய்க் கையெழுத்திட்டுத் திரும்புகிறேனே தவிர, தொழிலில் வளர்ந்ததாகத் தோன்றவில்லை. கைபேசியில் சிக்னலும் நிலையாகக் கிடைப்பதில்லை. மற்ற ஆசிரியர்களோடு பழகிக் கற்றுக்கொள்ள என்ன வழி?
– ஒரு வாசகி, நீலகிரி மாவட்டம்

பதில்: ஆசிரியர் ஒவ்வொருவரும் பணித்திறன் வளர்ச்சிக்காக ஆண்டுக்கு 50 மணி நேரமாவது செலவிட வேண்டும் என்று தேசியக் கல்விக் கொள்கை 2020 எதிர்பார்க்கிறது. (தமிழ்நாடு அக்கொள்கையை ஏற்கவில்லை என்பது வேறு விஷயம்.) ஆனால் நேரத்தைக் காட்டிலும், கூட்டத்துக்கு நாம் எதைக் கையில் கொண்டுபோகிறோம் என்பதே முக்கியம் என்பேன். அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்கு, உங்களைத் திணறவைக்கும் ஒரு பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தை எடுத்துச் செல்லுங்கள்.

நான் இம்மலைக்குப் பணிக்கு வந்த புதிதில், மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பால் படத்தின் கீழே ‘ஹாலு’ என்றே எழுதிவந்தாள். எழுத்தே தெரியவில்லை என்றெண்ணி நானும் சிவப்பு மையால் சுழித்துவந்தேன். அப்படியொரு கூட்டத்தின் தேநீர் இடைவேளையில் அந்த நோட்டைப் புரட்டிய படுகர் இனத்து ஆசிரியை ஒருவர், “டீச்சர், அவளுக்கு எழுத்து நன்றாகத் தெரிகிறது, வீட்டில் பேசுவதை எழுதியிருக்கிறாள். நீங்கள் பால் என்பதை நாங்கள் ஹாலு என்போம்” என்று சிரித்தார். மறுநாளே கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் வீட்டுச் சொல், மறுபக்கம் பாடச் சொல் என எழுதத் தொடங்கினேன். பயிற்சி மையத்தில் எனக்குக் கிடைக்காத பாடம் அது.

எனவே, அருகிலுள்ள இரண்டு மூன்று பள்ளி ஆசிரியர்களோடு மாதம் ஒரு சனிக்கிழமை, முறைவைத்து ஒவ்வொரு பள்ளியிலும் கூடுங்கள்; பகலிலேயே முடித்துவிட்டால் கடைசிப் பேருந்தைப் பற்றிய கவலை இல்லை. வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநரை அழைத்தால், பெரும்பாலும் மகிழ்ச்சியோடு வருவார். சிக்னல் குறைக்கு எளிய வழி, கோத்தகிரிக்கு வரும் நாளில் அரசின் கல்விச் செயலியான தீக்ஷாவில் வேண்டிய பாடங்களைப் பதிவிறக்கிக்கொள்வது. பிறகு இணையம் இல்லாமலேயே பார்க்கலாம்.

மாவட்டம் கடந்து பழக விரும்பினால், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தாரோடு தொடர்பு வைத்துக்கொள்ளுங்கள். 1993 முதல் நடந்துவரும், தமிழ்நாட்டில் அவர்கள் ஒருங்கிணைக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு மாணவர்களை ஆய்வு செய்ய வைக்கும் வழிகாட்டி ஆசிரியருக்குப் பிற ஊர் ஆசிரியர்களின் நட்பு தானாகவே கிடைக்கும். தோட்டத்து ஓடைநீரே உங்கள் பிள்ளைகளுக்கு நல்ல ஆய்வுப் பொருள்.

கூடலூர் வழியே சென்றால் மைசூரில் மண்டலக் கல்வியியல் நிறுவனம் இருக்கிறது. தென் மாநில ஆசிரியர்களுக்கு அங்கே பயிற்சிகள் நடக்கின்றன. ஆனால் அவற்றுக்குப் பொதுவாகத் துறை வழியாகவே செல்ல வேண்டும். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் போனால் மற்றவர்மேல் ஐந்து வகுப்புகளும் விழும் என்பதால், உங்கள் விருப்பத்தை வட்டாரக் கல்வி அலுவலரிடம் முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து, அந்நாட்களுக்கு மாற்று ஆசிரியரையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.